கட்டுச்சோறு: வீட்டிலிருந்தவர்கள் வகுத்த வழித்துணை

கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு என்று நம் ஊர்களில் ஒரு பழமொழி வழங்குகிறது. சொந்த அறிவில்லாதவனைப் பிறருடைய போதனை நெடுந்தூரம் கொண்டு செலுத்தாது என்பதே அதன் கருத்து என்றாலும், உவமையாக வந்த சோற்றைச் சிறிது நின்று நோக்கினால் அதற்குள் ஒரு சாஸ்திரமே அடங்கியிருப்பது புலப்படும். கட்டிய சோற்றுக்கு ஆயுள் உண்டு, அந்த ஆயுள் பதார்த்தத்துக்குப் பதார்த்தம் வேறுபடும், அதை அறிந்து கட்டுகிறவர் ஒருவர் வீட்டில் இருக்கிறார் என்னும் செய்திகளை எல்லோரும் சர்வ சாதாரணமாக அறிந்திருந்த ஒரு சமூகத்தில்தான் இப்படிப்பட்ட பழமொழி பிறந்திருக்க முடியும்.

பிரயாணத்தின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் பாதைகளையும் வாகனங்களையும் சத்திரங்களையும் பற்றி எழுதினார்கள். நடந்தவர்களையும் கடல் கடந்தவர்களையும் பற்றி எழுதினார்கள். அவர்கள் தோளில் தொங்கிய மூட்டையை யாரும் அதிகமாக அவிழ்த்துப் பார்த்ததில்லை. அந்த மூட்டையைக் கட்டியவர்கள் பெரும்பாலும் பிரயாணம் போகாதவர்கள். ஊர் எல்லையைத் தாண்டும் வாய்ப்பு வாழ்நாளில் சில முறையே கிடைத்த பெண்கள். ஆனால் வழியின் நீளம், வெயிலின் கடுமை, வயிறு பசிக்கும் வேளை, உடன் வருவோரின் எண்ணிக்கை ஆகிய அனைத்தையும் அடுப்பங்கரையில் நின்றபடியே மனத்தால் நடந்து பார்த்து அவர்கள் கட்டினார்கள். கட்டுச்சோறு என்பது பிரயாணம் போகாதவர்களின் பிரயாண அறிவு. இந்த அறிவு எவ்வாறு அமைந்தது, எங்கே அது வேலியாக நின்றது, எங்கே அந்த வேலி திறந்து விருந்தாயிற்று என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆற்றுப்படையும் ஆற்றுணாவும்

தமிழில் ஆறு என்னும் சொல்லுக்கு நதி என்பதோடு வழி என்னும் பொருளும் உண்டு. வழி என்ற பொருளை அடியாகக் கொண்டு பிறந்த இரண்டு சொற்களை அருகருகே வைத்து நோக்கினால், பழந்தமிழர் வழிப்பசியை எவ்விதம் எதிர்கொண்டார்கள் என்பது ஒருவாறு விளங்கும். முதலாவது ஆற்றுப்படை. வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், எதிர்ப்பட்ட வறிய கலைஞனுக்கு வழி சொல்லி, இன்ன நிலத்தில் இன்னார் வீட்டில் இன்ன உணவு கிடைக்கும் என்று ஆற்றுப்படுத்தும் இலக்கிய வகை அது. இரண்டாவது ஆற்றுணா. வழியில் உண்பதற்காக வீட்டிலிருந்தே கொண்டு செல்லும் உணவுக்கு அது பெயர். கற்றவர்களுக்குச் சென்ற நாடெல்லாம் சொந்த நாடே ஆகிவிடுவதால் உணவு மூட்டை கட்டிக்கொண்டு புறப்படும் அவசியம் அவர்களுக்கு இல்லை என்று கல்வியைச் சிறப்பிக்குமிடத்தில் பழமொழி நானூறு இச்சொல்லை ஆள்கிறது. கற்றவருக்கு மட்டும் விலக்கு அளிக்கப்படுவதிலிருந்தே, மற்ற எல்லோரும் மூட்டையோடுதான் புறப்பட்டார்கள் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். நாலடியாரில் இதே பொருளுக்குத் தோட்கோப்பு என்ற சொல் வருகிறது. தோளில் கோத்து எடுத்துச் செல்வது என்ற காட்சி அந்தச் சொல்லிலேயே அமைந்திருக்கிறது. கூற்றுவன் வருமுன் செய்து வைக்கும் அறத்தை, புறப்படுமுன் கட்டி வைக்கும் உணவாக அந்நூல் உருவகம் செய்கிறது.

ஆகவே முன்பின் அறியாதவர் வீட்டில் கிடைக்கும் சோறு ஒன்று, அறிந்தவர் கட்டிக் கொடுத்த சோறு மற்றொன்று என வழியில் உண்ணும் சோறு இரு வகைப்பட்டது. முதல் வகைக்குப் பெரும்பாணாற்றுப்படை ஒரு பெரிய சாட்சி. தொண்டைமான் இளந்திரையனைப் பாட வந்த கடியலூர் உருத்திரங்கண்ணனார், பாணன் கடந்து செல்லும் ஒவ்வொரு நிலத்திலும் அவனுக்குக் கிடைக்கும் உணவை நிலத்தின் இயல்போடு பொருத்திச் சொல்லிக்கொண்டே போகிறார். அந்தணர் இல்லத்தில் மிளகுப்பொடியும் கறிவேப்பிலையும் சேர்த்து வெண்ணெயில் பக்குவப்படுத்திய மாதுளங்காயும், மாவடு ஊறுகாயும் கிடைக்கும் என்று எழுதுமளவுக்கு அவருடைய கவனம் நுட்பமானது. சிறுபாணாற்றுப்படையில், வேலூரில் எயினர் குலப் பெண்கள் சமைத்த, இனிய புளி சேர்ந்த சூடான சோறு வருகிறது. இன்றைய புளியோதரையோடு அதை ஒன்றாக்கிவிடக் கூடாது. புளிக்காய்ச்சலில் நாம் இடும் மிளகாயும் நிலக்கடலையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை. சில கோயில் மடைப்பள்ளிகளில் இன்றும் புளியோதரைக்கு மிளகே காரம் என்பது பழைய வழக்கத்தின் சுவடு. ஆயினும் புளியும் சோறும் சேர்ந்த சேர்க்கை இந்த நிலத்தில் சுமார் ஈராயிரம் ஆண்டுப் பழக்கம் உடையது என்பதில் ஐயமில்லை.

இரண்டாம் வகைக்கும் பெரும்பாணாற்றுப்படையே ஒரு சிறு சித்திரத்தைத் தருகிறது. கடற்கரையிலிருந்து உப்பேற்றி உள்நாட்டுக்குச் செல்லும் உமணர்களின் வண்டி வரிசையில், காடி வைத்த பானையைக் கயிற்றால் பிணித்து வண்டியின் முகப்பில் தொங்கவிட்டிருக்கிறார்கள். கூத்தாடும் மகளிர் கொண்டு செல்லும், வார் இறுகக் கட்டிய வாத்தியத்தைப் போல அது காட்சியளிக்கிறது. கைக்குழந்தையோடு ஒருத்தி எருதுகளை ஓட்டிச் செல்கிறாள். காடி என்பதை ஊறுகாய் என்று கொண்டாலும் புளித்த கஞ்சி என்று கொண்டாலும், புளிப்பு ஏறிய ஒன்றையே அந்தப் பெண் நெடுவழிக்கு உடன் எடுத்துச் சென்றாள் என்பது உறுதி. வழித்துணையாகப் புளிப்பை ஏன் தேர்ந்தாள் என்பதைப் பின்னே காண்போம்.

இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது ஒன்றும் உண்டு. பிறர் தந்த பொருளைக்கொண்டு, பிறர் வீட்டு அடுப்பில், தன் கையால் சமைப்பது அது. சிலப்பதிகாரத்தில் மதுரைக்குப் புறத்தே ஆய்ச்சியர் சேரியில் மாதரி தந்த பலாக்காய், வெள்ளரி, மாதுளங்காய், மாங்கனி, வாழைப்பழம், சாலி அரிசி, பால்படு பொருள்கள் ஆகியவற்றைக்கொண்டு கண்ணகி சமைக்கிறாள். காய் அரிந்த விரல்கள் சிவக்கின்றன, முகம் வியர்க்கிறது, கண்கள் புகையால் சிவக்கின்றன. வாழையின் குருத்திலையில் கோவலன் உண்ட அந்த உணவே அவன் உண்ட கடைசி உணவு. காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து நெடுவழி நடந்து வந்த அந்தத் தம்பதியின் பிரயாணத்தை எழுதிய இளங்கோவடிகள், சமையலுக்கு இத்தனை அடிகளை ஒதுக்கியது தற்செயல் அன்று என்றே நான் கருதுகிறேன். சமைப்பவளும் நடப்பவளும் ஒருத்தியாகவே இருக்கும் அபூர்வமான இடம் அது.

தெய்வத்தின் கையில் ஒரு பொதி

கட்டுச்சோற்றுக்குக் கட்டமுது என்றும் பொதிசோறு என்றும் பெயர்கள் உண்டு. பின்னது இன்றும் மலையாளத்தில் அன்றாட வழக்காக உயிரோடிருக்கிறது. இந்தச் சொற்கள் நம் பக்தி இலக்கியத்தில் பெற்ற ஏற்றம் சாதாரணமானதன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரிய புராணத்தில், திருநாவுக்கரசர் திருப்பைஞ்ஞீலிக்கு நடந்து செல்கையில் பசியாலும் தாகத்தாலும் வருந்த, இறைவன் வழியில் சோலையும் குளமும் அமைத்து, அந்தணர் உருவில் பொதிசோற்றோடு காத்திருந்து, அவரை உண்பித்து, திருப்பைஞ்ஞீலி வரைக்கும் துணையாக நடந்து வந்து, பின்பு மறைந்தருளினார் என்ற வரலாறு இருக்கிறது. சுந்தரருக்கும் அவருடைய அடியார் கூட்டத்துக்கும் திருக்குருகாவூர் வழியிலே பந்தலிட்டுத் தண்ணீரும் கட்டமுதும் அளித்த வரலாறும் அதே நூலில் உண்டு.

தெய்வம் வரம் கொடுத்ததாகவும் பொன் கொடுத்ததாகவும் உலகெங்கும் கதைகள் உண்டு. வழியோரத்தில் மூட்டையோடு உட்கார்ந்து, வருகிறவனுடைய பசியை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் தெய்வத்தைக் கற்பனை செய்வதற்கு, அவ்வாறு எதிர்பார்த்துக் கட்டிக் கொடுக்கும் கைகளை வீடுதோறும் கண்ட ஒரு சமூகம் வேண்டும். அந்தப் பொதியில் இருந்த சோற்றைச் சமைத்தவர் யார் என்ற கேள்வி மட்டும் அந்த வரலாறுகளில் எழுவதில்லை.

சபரிமலைக்குச் செல்வோரின் இருமுடியும் இவ்விடத்தில் நினைக்கத் தக்கது. அதன் முன்முடியில் நெய்த் தேங்காயும் பூஜைத் திரவியங்களும் இருக்கும். பின்முடியில் வழிச்செலவுக்கான அரிசி முதலியவற்றை வைப்பது சம்பிரதாயம். தெய்வத்துக்கு உரியதும் வழிப்போக்கன் வயிற்றுக்கு உரியதும் ஒரே மூட்டையின் இரு புறங்களாக ஒரே தலையில் ஏறுகின்றன.

அடுப்பங்கரையின் கணக்கு

இனி, மூட்டையை அவிழ்த்து உள்ளே இருப்பதைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் நெடுவழிக்கு எடுத்துச் செல்லும் சோறு வகைகளில் தலைமை பெற்றவை புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு ஆகிய மூன்று. தேங்காய்ச் சோறு ஆற்றங்கரைக்குப் போகும், அடுத்த ஊருக்குப் போகாது. சாம்பார்ச் சோறு வாசற்படியையே தாண்டாது. இந்தத் தேர்வுக்குக் காரணம் ருசி மட்டுமா என்றால், இல்லை என்பதே விடை.

வடித்த சோறு கெட்டுப்போவதற்கு முக்கிய காரணங்களுள் ஒன்று பேசில்லஸ் செரியஸ் என்னும் பாக்டீரியா. அரிசியில் இயல்பாகவே தங்கியிருக்கும் அதன் வித்துக்கள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன. வாந்தியை விளைவிக்கும் அந்த நஞ்சு மறுபடி சுடவைத்தாலும் அழிவதில்லை. அமிலம் மிகுந்த சூழலிலோ அந்தக் கிருமி தழைக்க முடியாமல் ஒடுங்குகிறது. புளியில் இருப்பது டார்ட்டாரிக் அமிலம். எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம். தயிரில் லாக்டிக் அமிலம். இரசாயன சாஸ்திரம் அமிலங்களுக்குப் பெயரிடுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, அவற்றில் மூன்றை நம் பெண்கள் நாவினால் கண்டறிந்து வழிக்கு அனுப்பினார்கள். உமணப் பெண்ணின் வண்டியில் காடிப் பானை தொங்கியதன் காரணமும் இதுவே.

புளிக்காய்ச்சலைக் கவனியுங்கள். பழம்புளியைக் கெட்டியாகக் கரைத்து, நல்லெண்ணெயில் கடுகும் மிளகாயும் கடலைப்பருப்பும் பெருங்காயமும் தாளித்து, மஞ்சளும் உப்பும் சேர்த்து, எண்ணெய் பிரிந்து மேலே வரும் வரை கொதிக்க விட்டு, வறுத்து இடித்த வெந்தயப் பொடியைக் கடைசியில் தூவி இறக்குகிறார்கள். எண்ணெய் பிரிய வேண்டும் என்ற விதி, நீர் சுண்ட வேண்டும் என்பதன் மறுபெயர். நீர் சுண்டிய பண்டத்தில் கிருமிக்கு இடமில்லை. கடலையெண்ணெயோ தேங்காயெண்ணெயோ ஆகாது, நல்லெண்ணெய்தான் வேண்டும் என்ற பிடிவாதத்துக்கும் நியாயம் இருக்கிறது. எள்ளில் உள்ள செசமால் முதலிய பொருள்கள், எண்ணெய் காற்றுப்பட்டுச் சிக்கு வாடை அடிப்பதைத் தடுக்கின்றன.

இதை நான் நூல்களிலிருந்து கற்பதற்கு முன்பே என் அப்பாயியிடம் கண்டிருக்கிறேன். லால்குடிப் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் வீட்டிலிருந்து யாரேனும் ராமேசுவரத்துக்குப் புறப்பட்டால், முந்திய நாள் மாலையே புளிக்காய்ச்சல் தயாராகிவிடும். விடியற்காலை மூன்று மணிக்கு உலை கொதிக்கும். உதிரியாக வடித்த சோற்றைப் பெரிய பித்தளைத் தாம்பாளத்தில் கொட்டி, பச்சை நல்லெண்ணெயும் மஞ்சளும் இட்டுப் பரப்பி, பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டிருப்பார். நேரமாகிறது என்று யாராவது அவசரப்படுத்தினால், "சூட்டோட கட்டுனா சோறு வேத்துப் போயிரும்ப்பா, ஊருக்குப் போயிச் சேராது" என்பார். மூடிய சூட்டின் ஆவி நீராகித் திரும்பச் சோற்றிலேயே விழும் என்பதும், அந்த ஈரமே கேட்டுக்கு வித்து என்பதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டன.

தயிர்ச்சோற்றில்தான் அவருடைய சாமர்த்தியம் முழுவதும் வெளிப்படும். குழைய வடித்த சோற்றை மசித்து, காய்ச்சி ஆறவைத்த பாலைத் தாராளமாக ஊற்றி, தயிரை ஒரு கரண்டிக்கு மேல் சேர்க்கமாட்டார். காலையில் கட்டும்போது அது பால்சோறு. பகல் ஏற ஏற, ரயிலின் ஆட்டத்திலும் வெயிலின் வெதுவெதுப்பிலும் மெல்ல உறைந்து, உண்ணும் வேளையில் புளிக்காத புதுத் தயிர்ச்சோறாக ஆகியிருக்கும். ரயில் ஓடும் நேரத்தையே உறை நேரமாக அவர் ஆக்கிக்கொண்டார். புதுக்கோட்டை தாண்டினதும் இட்டிலி, மானாமதுரையில் புளிச்சோறு, மண்டபம் வருவதற்குள் தயிர்ச்சோறு என்று நிலையங்களைச் சொல்லிச் சொல்லிப் பொட்டலங்களை அடுக்குவார். இவற்றுள் எந்த நிலையத்தையும் அவர் அப்போது கண்ணால் கண்டதில்லை. போய் வந்தவர்களிடம் ஒவ்வொரு முறையும் எந்த ஊரில் எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், எது மிஞ்சியது, எது வாடை அடித்தது என்று விசாரித்து விசாரித்தே அந்தப் பாதையை அவர் மனப்பாடம் செய்திருந்தார்.

கட்டும் இலையும் இந்தக் கணக்கில் சேர்ந்ததே. வாழையிலையை அப்படியே மடித்தால் நரம்போடு கிழியும். தணலில் ஒரு முறை வாட்டினால் துணிபோல் மடியும், சோற்றுக்கு ஒரு மணமும் ஏறும். தையல் போட்ட மந்தாரை இலை, உலர்ந்த வாழைச் சருகு, தாமரையிலை, பாக்குமட்டை என ஊருக்கு ஊர் கிடைப்பதைக்கொண்டு கட்டினார்கள். இட்டிலியின் இரு புறமும் நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப் பொடியைத் தடவி அடுக்குவது ருசிக்காக என்று நினைக்கிறோம். அது இட்டிலி காயாமலும் ஒன்றோடொன்று ஒட்டாமலும் காக்கும் கவசம். மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து, மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் அவித்தெடுக்கும் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்டிலி இதே ஞானத்தின் கோயில் வடிவம்.

சத்திரமும் ரயிலும்

கட்டுச்சோறு எவ்வளவு நல்லதாயினும் இரண்டு நாளைக்கு மேல் தாங்காது. அதற்கு மேற்பட்ட வழிக்கு ஆதரவாக அரசர்களும் வணிகர்களும் சத்திரங்களைக் கட்டினார்கள். 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் அமைத்த சாலைகளும் சத்திரங்களும் இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் எழுப்பிய முத்தாம்பாள் சத்திரம் ராமேசுவர யாத்திரிகர்களுக்குப் பேருதவியாக இருந்தது. 1830 மே மாதம் சென்னையிலிருந்து புறப்பட்டு 1831 செப்டம்பரில் திரும்பிய ஏனுகுல வீராசாமி, தெலுங்கில் எழுதிய தம் காசி யாத்திரைக் குறிப்புகளில், தங்கிய ஊர்களில் கடை உண்டா, சாமான் கிடைக்குமா, தண்ணீர் எப்படி என்பவற்றைப் பொறுமையோடு பதிவு செய்துகொண்டே போகிறார். பல்லக்கும் பரிவாரமுமாகச் சென்ற ஒருவருக்கே அடுத்த வேளை அடுப்பைப் பற்றி இத்தனை கவலை இருந்ததென்றால், தனித்து நடந்த ஏழை யாத்திரிகனின் கவலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

1856 ஜூலை முதல் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை தென்னிந்தியாவின் முதல் பிரயாணிகள் ரயில் ஓடியது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. நாள்கணக்கான வழி மணிக்கணக்காகச் சுருங்கியபோது, கட்டுச்சோற்றின் ஆயுளும் பிரயாணத்தின் நீளமும் ஒன்றுக்கொன்று இசைந்தன. ஒரு மூட்டை, ஒரு பகல், ஓர் இரவு என்ற அளவு அமைந்தது. தூக்குச்சட்டியும் அடுக்கு டிபன் கேரியரும் கூஜாவும் ரயில் யுகத்தின் அடையாளச் சின்னங்களாயின.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கட்டுச்சோறு அன்பின் மூட்டையாக மட்டும் இருந்ததில்லை; ஆசாரத்தின் மூட்டையாகவும் இருந்தது. பிறர் தொட்டதை உண்ணலாகாது என்ற நியமத்தைக் காப்பதற்காகவே அதைக் கட்டியவர்கள் பலர். மறுபுறத்தில், வழியிலுள்ள கிணற்றிலும் சத்திரத்திலும் உணவு விடுதியிலும் இடம் மறுக்கப்பட்ட மக்களுக்கு வீட்டுச் சோற்றைக் கட்டிச் செல்வதைத் தவிர வேறு கதியே இல்லாதிருந்தது. ஒரே மூட்டை ஒருவருக்கு மேன்மையின் வேலியாகவும் மற்றொருவருக்கு அவமானத்திலிருந்து தப்பும் மறைவாகவும் இருந்த காலம் அது. ரயில் நிலையத்து உணவு விடுதிகளிலேயே பிராமணர்க்கும் மற்றவர்க்கும் தனித்தனி இடங்கள் வெகுகாலம் இருந்தன. பெரியாரும் அவருடைய இயக்கத்தாரும் நடத்திய கிளர்ச்சியின் பயனாக 1941ஆம் ஆண்டில் அந்தப் பாகுபாடு நீங்கியது.

ஆனால் ரயில் பெட்டியின் மரப்பலகை அதற்கு முன்பே தன் வேலையைத் தொடங்கியிருந்தது என்று நான் நம்புகிறேன். எதிரெதிரே முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கும் எட்டுப் பேருக்கு நடுவில் ஒருவர் பொட்டலத்தைப் பிரிக்கும்போது, புளியும் பெருங்காயமும் கலந்த அந்த வாசனை ஜாதி கேட்டுப் பரவுவதில்லை. அப்பாயி எப்போதும் நான்கு பேருக்கு வேண்டியதற்கு மேல் ஒரு பொட்டலம் கூடுதலாகவே வைப்பார். "எதுத்தாப்புல புள்ளத்தாச்சியோ பச்சப்புள்ளயோ உக்காந்திருந்தா என்ன பண்ணுவீங்க?" என்பது அதற்கு அவர் சொல்லும் காரணம். ஒரு முறை பரமக்குடியைத் தாண்டியபோது, இரண்டு குழந்தைகளோடு எதிரே அமர்ந்திருந்த ஓர் அம்மாளிடம் என் தகப்பனார் அந்த ஐந்தாவது பொட்டலத்தை நீட்டினார். அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி, பின்பு வாங்கிக்கொண்டு, தம் பையிலிருந்த நெல்லிக்காய் ஊறுகாய்ச் சம்புடத்தை எங்கள் இலைக்கு நடுவே திறந்து வைத்தார். பெயரும் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை. கண்ணால் காணாத அந்தத் தாய்க்கும் குழந்தைகளுக்குமாக விடியற்காலை மூன்று மணிக்கே ஒருவர் உலை வைத்திருந்தார் என்பதை இப்போது நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. ஆற்றுப்படை காட்டும் அறியாதார் விருந்தும் ஆற்றுணா என்னும் வீட்டுச் சோறும் ஒன்றாகக் கலக்கும் இடம் அந்த ஐந்தாவது பொட்டலம்.

சடங்குகளில் கட்டுச்சோறு

இத்துணை ஆழமாக வாழ்வில் ஊன்றிய ஒன்று சடங்குகளிலும் இடம் பெறாமற் போகாது. ஆடிப் பதினெட்டாம் நாள் காவிரிக் கரைக்குச் சித்திரான்னங்களோடு குடும்பம் குடும்பமாகச் செல்வதும், காணும் பொங்கலன்று சோற்று மூட்டையோடு கடற்கரைக்கும் ஆற்றங்கரைக்கும் போவதும் பிரயாணமே சடங்கான சந்தர்ப்பங்கள். வாழ்வின் பெரிய கட்டங்களிலோ சடங்கே பிரயாணமாகிறது. கொங்கு நாட்டிலும் வேறு சில பகுதிகளிலும், கர்ப்பிணியான மகளைப் பிரசவத்துக்கு அழைத்துச் செல்லத் தாய்வீட்டார் பல வகைச் சோறுகளைச் சமைத்து எடுத்து வரும் விருந்துக்கே கட்டுச்சோறு என்று பெயர். சில சமூகத்தாரின் கல்யாணங்களில், விவாகம் முடிந்து சம்பந்திகள் ஊர் திரும்பும்போது பெண் வீட்டார் கட்டுச்சாதக் கூடை வைத்து அனுப்புகிறார்கள். மகள் தாயாவதற்குப் புறப்படும் வழிக்கு ஒரு சோறு. மகளைக் கொண்டுபோகிறவர்களின் வழிக்கு ஒரு சோறு. பிரிவு நேரும் இடங்களிலெல்லாம், சொல்லத் தெரியாத ஒன்றைச் சோற்றிலே கட்டிக் கொடுக்கும் மரபு இது.

இன்று விமானத்தில் ஏறும் பிள்ளையின் பெட்டியில் துணிமணிகளுக்கு நடுவே புளிக்காய்ச்சல் சம்புடமும் பருப்புப்பொடியும் இடம் பிடிக்கின்றன. வடித்த சோற்றைக் கட்டிய கைகள் இப்போது சோற்றில் கலந்துகொள்ள வேண்டியதைக் கட்டுகின்றன. சென்ற இடத்தில் அரிசியும் அடுப்பும் இருக்கும், ருசியும் நினைவும் மட்டுமே இங்கிருந்து போக வேண்டும் என்று கணக்கை அவர்கள் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். வழிதோறும் உணவு விற்கும் இக்காலத்தில் பசிக்கு அஞ்சி யாரும் மூட்டை கட்டுவதில்லை. ஆகையால் இந்த அறிவு மறைந்துபோகும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். மறையாது என்று நான் உறுதி கூறமாட்டேன். ஒன்று மட்டும் சொல்வேன். இது எந்த ஏட்டிலும் முறையாக எழுதி வைக்கப்படாமல், ஒரு கை செய்வதை இன்னொரு கை பார்த்து வந்த அறிவு. பார்ப்பவர் இல்லாமற் போனால் ஒரு தலைமுறையிலேயே அறுந்துவிடும். ஒவ்வொரு வீட்டிலும் இன்னும் இருக்கும் முதியவர்களிடம், என்ன சமைப்பீர்கள் என்று கேட்பதோடு நில்லாமல், எவ்வளவு தூரத்துக்கு எதைக் கட்டுவீர்கள், எத்தனை மணி தாங்கும், யாருக்காகக் கூடுதலாக வைப்பீர்கள் என்றும் கேட்டு எழுதி வைப்பது நம் கடமை. சமையல் குறிப்புகளில் முதல் கேள்விக்கு விடை உண்டு. மற்றவற்றுக்கு விடை அவர்களிடம் மட்டுமே உண்டு.

அப்பாயி கடைசியில் ஒரே ஒரு முறை ராமேசுவரம் போனார். அந்த முறையும் மூன்று மணிக்கு எழுந்து தமக்கும் பிறருக்குமாகத் தாமே கட்டினார்; வேறு யாரையும் அடுப்பங்கரையில் விடவில்லை. பாம்பன் பாலத்தின் மேல் ரயில் ஊர்ந்தபோது எல்லோரும் கடலைப் பார்க்க, அவர் காலியான தயிர்ச்சோற்றுச் சட்டியை முகர்ந்து பார்த்து, புளிக்கவில்லை என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். பத்து ஆண்டுகள் கழித்து அவர் புறப்பட்ட வேறொரு வழிக்கு, எங்கள் ஊர் வழக்கப்படி நாங்கள் ஒவ்வொருவராக வந்து அவர் வாயில் அரிசி இட்டோம். ஆயுள் முழுவதும் பிறர் வழிக்குச் சோறு கட்டிய அவருக்கு நாங்கள் கட்டிக் கொடுத்த ஆற்றுணா அது ஒன்றுதான். அதையும் சமைக்காமலே கொடுத்தோம்.